எதிர்க்கரையையும் சேர்த்த கணக்கு

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள படத்தை அக்காவின் கணவரான மாமா தேர்ந்தெடுத்தார். அந்தப் படத்தில் அக்கா புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இருந்த பால்கனியைப் பார்க்கிறார் என்பது அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் தலையை நிமிர்த்தி மேலே உள்ள உத்திரத்தைப் பார்ப்பார். திருப்தியாக இருந்தால்தான் பந்தியில் உட்காருவார். என் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபோது பெண் வீட்டார் காட்டிய முதல் மண்டபத்தை வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். அதனால் வந்த மனத்தாங்கல் வளைகாப்பு வரை நீடித்தது.

அக்கா பிறந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர். பக்கத்து வீட்டார் சேலம், எதிர் வீட்டார் தஞ்சாவூர், மாடியில் நாகர்கோவில்காரர்கள். மதிய நேரத்தில் ஒரே படிக்கட்டில் நாலு விதமான குழம்பு மணக்கும். அந்தப் படிக்கட்டில்தான் அக்கா பாடம் படித்தார், சண்டை போட்டார், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் சாப்பிட்டார்.

அக்கா பொறியியல் கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா வேலையில் இருக்கும்போது மாரடைப்பால் காலமானார். குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவதாகச் சொன்னார்கள். துக்கத்துக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "அம்மா பத்தாவது பாஸ் பண்ணியிருக்காங்க. அந்த வேலைக்கு அம்மா போகட்டும். நான் படிப்பை விடமாட்டேன்," என்றார். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பெரியப்பா சத்தம் போட்டார். அதுவரை தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போகாத அம்மா, கைப்பையும் குடையுமாக வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே கௌரவமாக இருந்தார். அக்கா நினைத்தபடி படித்து முடித்தார். கட்டட அமைப்பியலில் மேற்படிப்பும் படித்தார்.

பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. கடைசிவரை அங்கேதான். பூந்தமல்லியைச் சேர்ந்த மாமாவைக் கைப்பிடித்து, சேக்காட்டில் வீடு கட்டிக்கொண்டார். குழந்தை இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள் பேசிய அளவுக்கு அவர்கள் இருவரும் பேசியதில்லை. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, நிறைவாக வாழ்ந்தார்கள்.

அக்காவின் வேலை என்ன என்று பலருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு பிளான் போடுவார் என்று நினைத்து, பூஜை அறை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்பார்கள். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியன். கணக்குக்கும் எனக்கும் ஆகாது. எனக்கே புரியும்படி அவர் சொன்னதை எழுதுகிறேன். ஒரு கட்டடத்தையும் அதன் கீழே உள்ள மண்ணையும் ஒரே துண்டாக வைத்துக் கணக்குப் போட முடியாது. அதனால் கணினியில் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டம் அசைந்தால் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தள்ளும், அது அடுத்ததை எவ்வளவு தள்ளும் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணினி விடை தேடும். வந்த விடையைத் திருத்தித் திருத்தி, இனி மாறாது என்ற நிலை வரும்வரை மறுபடி மறுபடி போடும். "கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் போடும்டா. நாம கேக்குற கேள்விலதான் கோளாறு வரும்," என்பார் அக்கா.

வெள்ளானூரில் நடந்ததை இந்த மலரில் எழுத வேண்டும் என்று மாமா விரும்பினார். நானும் அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

வெள்ளானூரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில் நான் வீடு வாங்கினேன். எங்களுடன் குடிவந்தவர்களில் பாதிப் பேர் கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் இளம் தம்பதிகள். மீதிப் பேர் என்னைப் போல வாழ்நாள் சம்பாத்தியத்தை அதில் போட்டவர்கள். ஒரு கோடைக்காலத்தில் பக்கத்து மனையில் வணிக வளாகம் கட்ட ஆழமாகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். சில நாட்களில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடி வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது. கட்டடம் சாயப் போகிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கதிகலங்கிப் போனோம். நான் அக்காவிடம் ஓடினேன்.

அக்கா பக்கத்து மனையின் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் கணக்குப் போட்டார். சனிக்கிழமை மாலை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில், எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "தாராளமா இருங்க. பள்ளத்துக்குக் குறுக்க, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல இரும்பு முட்டு கொடுத்துத் தோண்டப் போறாங்க. கட்டடம் நிக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல." சங்கத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஐயா டீயும் வடையும் வரவழைத்தார். பக்கத்து மனையின் இளம் இன்ஜினியரும் வந்திருந்து, அக்கா சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். நான் அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கும் மாமாவுக்கும் எங்கள் வீட்டில் விருந்து. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அக்கா பால்கனிக்குப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

"டேய், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தது. எதிர்க்கரையில் மட்டும் கோரை செழிப்பாக நின்றது. "ஏதாவது புல்லு முளைச்சிருக்கும். நீ வந்து பாயசம் சாப்பிடு," என்றேன்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் இருந்தார். அங்கே முன்பு என்ன இருந்தது என்று அக்கா கேட்டார்.

"குட்டை இருந்துச்சும்மா. சின்னப் புள்ளையில நாங்கல்லாம் அதுலதான் ஆட்டம் போட்டுகினு கெடப்போம். அப்பால லாரி லாரியா இடிச்ச ஊட்டு ராபீஸ் கொட்டி மூடிட்டானுங்கோ. இன்னாத்துக்குக் கேக்குற, ஊடு கட்டப் போறியா? வாணாம்மா."

அக்கா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, எனக்கும் மாமாவுக்கும் நிதானமாகச் சொன்னார். பள்ளத்தின் இரண்டு கரையும் ஒரே மாதிரி இருந்தால், கணினியில் ஒரு பாதியை மட்டும் போட்டு, மறுபாதியும் இப்படியே என்று விட்டுவிடலாம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வேலை பாதியாகக் குறையும். மண் பரிசோதனைக்குத் துளை போட்டதெல்லாம் எங்கள் பக்கம். அதை நம்பி அக்காவும் எங்கள் கரையை மட்டும் போட்டிருந்தார். எதிர்க்கரை வெறும் கட்டட இடிபாடும் சேறும் என்றால், குறுக்கே கொடுக்கும் முட்டு எதன் மேல் போய் நிற்கும்? முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர் மல்லாந்து விழுவார் அல்லவா, அதுதான் எங்கள் கட்டடத்தின் நிலைமை.

"சரி, முழுசா ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறமா சொல்லிக்கலாமே," என்றேன். அவருடைய பெயர் கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. என் பெயரும்தான்.

"விடை வர்றப்ப வரட்டும். நேத்து நான் சொன்னதை நம்பி இத்தனை பேர் நிம்மதியா தூங்கியிருக்காங்க. மொதல்ல அதை நான் திருப்பி வாங்கணும்," என்று எழுந்தார்.

அன்று மாலைக்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். முந்தின நாள் எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில், ஒரு மாற்றும் குறையாமல் சொன்னார்: "நேத்து நான் சொன்னது தப்பு. எதிர்க்கரையைக் கணக்குல சேர்க்கல. பள்ளத்தை ஒட்டி இருக்கிற வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு கொஞ்ச நாள் வேற இடத்துல இருங்க." பின்னால் நின்ற எனக்குக் காது சுட்டது.

ஃபோர்மேன் ஐயா பொறுமை இழந்துவிட்டார். "ஏம்மா, நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

"நாளைக்கு வேற ஏதாவது தெரிஞ்சா அதையும் வந்து சொல்வேன் சார். உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவேன்."

ஐயாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் அன்றே மனைவியை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வாரத்திலேயே அக்கா இரண்டு கரையையும் சேர்த்துப் புதிதாகக் கணக்குப் போட்டார். எங்கள் கட்டடத்தின் ஓரத் தூண்கள் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கும் என்று விடை வந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து மனையின் உரிமையாளரைப் பார்க்கப் போனோம். இளம் இன்ஜினியர் கைப்பேசியை எடுத்து, சனிக்கிழமை அக்கா பேசியதை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினார். "மேடம், இது நீங்க சொன்னதுதானே?"

"நான்தான் சொன்னேன் தம்பி. அதனாலதான் நானே வந்து மாத்துறேன். வேற யாரு வந்து மாத்துவாங்க?"

மடிக்கணினியைத் திறந்து இரண்டு படத்தையும் அருகருகே வைத்தார். இது நான் தவறாகப் போட்டது, இது திருத்திப் போட்டது, இரண்டையும் பாருங்கள் என்றார். சரியானதை மட்டும் கொண்டுபோயிருந்தால் அந்த உரிமையாளர் நம்பியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அவர் தவறான படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "என் பில்டிங்கும் இதே மண்ணுலதானே நிக்கணும். வேலையை நிறுத்துப்பா," என்று இன்ஜினியரிடம் சொன்னார்.

தோண்டிய மண்ணை எங்கள் கரைப் பக்கம் மறுபடி கொட்டி அணைத்தார்கள். எதிர்க்கரையை நம்பாமல், பள்ளத்தின் தரையில் கான்கிரீட் போட்டு அதிலிருந்து எங்கள் கரைக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்தார்கள். அந்த இளம் இன்ஜினியர் அக்காவுடன் கூடவே நின்று எல்லாவற்றையும் செய்து முடித்தார். நாங்கள் குடும்பத்தோடு சேக்காட்டில் அக்கா வீட்டில் தங்கினோம். மழைக்காலம் வந்தது. மூன்றாம் நாள் மழையில் எதிர்க்கரை சரிந்து பள்ளத்துக்குள் விழுந்தது. எங்கள் கரை அசையவில்லை. மதில் சுவரில் மட்டும் ஒரு பிளவு. கட்டடம் நின்றது. செய்தி வந்தபோது நான் அழுதுவிட்டேன். அக்கா அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டு வந்து, "முட்டு கொடுத்த எடத்துல யாரும் நிக்கலையே?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கதையை யார் சொன்னாலும் அக்கா குறுக்கே புகுந்து, முதலில் தவறாகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்பார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தத் தவறான படத்தைத்தான் முதல் பாடமாகக் காட்டுவாராம். அதைப் போட்டது யார் என்று கேட்டால், கையைத் தூக்குவாராம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணையத்தில் நோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, இனி பயமில்லை என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் செய்தோம். சில மாதங்களில் அதே மருத்துவர் கட்டிலருகே வந்து, பேச ஆரம்பித்து, பேச முடியாமல் நின்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குத் தெரிஞ்சதை அன்னைக்குச் சொன்னீங்க. இன்னைக்குத் தெரிஞ்சதை இன்னைக்குச் சொல்லுங்க டாக்டர். நான் கேட்டுக்கிறேன்," என்றார். அந்த மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். அன்று முதல் அக்காவின் கடைசி நாள்வரை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. அழ வேண்டிய நேரத்தில் சேர்ந்து அழுதோம், சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரித்தோம். அக்காவின் தலை என் மடியிலும் கை மாமாவின் கையிலும் இருக்க, ஒரு காலை நேரத்தில் அமைதியாகப் போனார். அவரைப் போல ஒருவரை இனி நான் பார்க்கப் போவதில்லை.

அந்த நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மனம் திறந்து பேசிய மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்காவின் அலுவலகத் தோழிகளுக்கும், பூந்தமல்லி உறவினர்களுக்கும் எங்கள் வணக்கம். அக்காவைத் தூக்கிச் சென்ற நால்வரில் ஒருவர், அன்று கைப்பேசியை எடுத்துக் காட்டிய அந்த இன்ஜினியர். கேட்காமலே வந்து தோள் கொடுத்த அவரை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைக்கிறோம்.

இந்த ஓராண்டு நினைவு நாளை மண்டபத்தில் வைக்கலாம் என்று நாங்கள் பேசியபோது, வெள்ளானூர்க் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் ஒருவர் விடாமல் மறுத்தார்கள். ஃபோர்மேன் ஐயா தம் காரை வெளியே எடுத்துவிட்டு, தாமே தரையைக் கழுவிவிட்டார். ஆகவே நீங்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான். உங்கள் தலைக்கு மேலே நான்கு மாடியும், அத்தனை குடும்பங்களும் இருக்கின்றன. வீடு நிறையக் குழந்தைகள் ஓடுகிற சத்தம் கேட்கும். நிம்மதியாக உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.