கற்குழிக்கு அடைத்த வேலி

புளியங்குளத்துக்குக் கிழக்கே அரசாங்கம் ஒதுக்கிவைத்த காட்டுக்குத் தில்லைநாதன் காவலாளி. காடென்றால் குளிர்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். பாறைக் குன்று, கள்ளி, முள், வெயிலில் முறுகி நிற்கும் பாலை மரமும் வீரை மரமும். ஐம்பத்தைந்தோ ஆறோ, மழை பொய்த்த அந்த வருஷம், பறக்கிற காகம் தன் நிழலைச் சுமக்கத் தெம்பில்லாமல் பாலை மரத்தடியில் விட்டுவிட்டுப் போய், பொழுதுபடத்தான் வந்து எடுத்துக்கொண்டதாம்.

குன்றின் மேலே ஒரு கற்குழியில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கரடி, மரை, மான் எல்லாம் அதை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அடிவாரத்துப் புதுக் குடியேற்றக்காரரின் எருமைகள் அதையும் மோப்பம் பிடித்து ஏறிவந்து உழக்கத் தொடங்கின. இன்னும் பத்து நாள் உழக்கினால் வெறுஞ்சேறு. மழைக்கோ ஒரு மாதம் கிடந்தது. குழியோரம் இரண்டு மான்குட்டிகள் செத்துக் கிடந்ததைக் கண்ட அன்று தில்லைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்; யாழ்ப்பாணத்தாருக்கு எந்தக் கவலைக்கும் கைமருந்து ஒன்றுதான். கத்தியை எடுத்தார், வேலி அடைக்க.

"என்னப்பா, மலைக்கும் வேலியே?" மனைவி இராசேஸ்வரி சிரித்தா. "கரடி எல்லை வழக்குப் போடப்போகுது."

"சிரி, சிரி. மான் நுழையிற அளவுக்கு வேலியிலை ஒரு பொட்டு விடுவன். எருமை கொம்போடை நிக்கும்."

வன்னியிலேயே பிறந்து தேனெடுத்துப் பிழைக்கும் சின்னராசா, முள் நெருக்கிக் கட்டிய வேலியையும் அதில் விட்ட ஒற்றை நுழைவழியையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, நாலு பக்கத்தாலையும் வாறதுகளை ஒரு வழியாலை வரப்பண்ணிப்போட்டியள். வேட்டைக்காரனுக்கு இனித் தேடுற வேலை இல்லை."

"உனக்கு வேலி அடைக்கத் தெரியாது. அந்த எரிச்சல்."

எருமைகள் முட்டிப்பார்த்துத் திரும்பின. தண்ணீர் தெளிந்தது. மான்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நுழைவதைக் கண்டு தில்லைநாதனுக்குத் தலைகால் தெரியவில்லை.

பத்தாம் நாள் காலை அவரும் அந்தப் பொட்டால் நுழைந்தார். காலில் கயிறொன்று தட்டுப்பட்டது. அது இழுபட, மரத்தில் ஆரோ கட்டிவைத்த துவக்கு வெடித்தது. மானின் நெஞ்சுக்கு வைத்த குறி அவருடைய தொடையைப் பிளந்தது.

உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் காயத்தை இறுக்கிக் கட்டினார். கூப்பிட்டார். குன்றுதான் திருப்பிக் கூப்பிட்டது. வெயில் ஏற மான்கள் வந்து வேலிக்கு வெளியே நின்றன. அவர் உள்ளே இழுபட்டு வழிவிட்டும், இரத்த மணத்துக்கு ஒன்றும் அசையவில்லை.

"வாங்கோவன், நான் ஒண்டும் செய்யன்..."

ஒரு குட்டி கால் மடங்கிச் சரிந்தது. வேறு வழி அவர் வைக்கவில்லையே. எதிர்ப்பக்கம் ஊர்ந்துபோய், தன் கையால் கட்டிய முள்ளை வெறுங்கையால் பிடுங்கத் தொடங்கினார்.

வெடிச்சத்தம் கேட்டுத் தேடிக்கொண்டு சின்னராசா வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. வேலியில் இரண்டு முழம் திறந்திருந்தது. குழியோரம் புதுக் குளம்படிகள். குட்டி மட்டும் விழுந்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தது.

"குடிச்சதுகளோடா?"

"ஓம் அண்ணை. கதையாதேங்கோ."

அவரைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் இறங்கும்போது, எதிரே எருமைகள் ஏறி வந்துகொண்டிருந்தன. தில்லைநாதன் அவற்றை அதட்ட வாய் திறந்தார். சத்தம் வரவில்லை.