படையலில் வைத்த குவார்ட்டர்

வல்லம் போகச் செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அண்ணி போன் செய்தார். "ஒங்கண்ணன் பூட்டாருப்பா." பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "ஈரல்தான? ஊத்திக்கினே இருந்தா இன்னா ஆவும்" என்றார். அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

என் அண்ணன் ஏழுமலை அதே ஸ்டாண்டில்தான் ஆட்டோ ஓட்டினார். உங்களில் பலருக்குத் தெரிந்தவர். குடித்ததில்லை, பீடி தொட்டதில்லை. நாற்பதைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. பிறகு கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. முதலில் காட்டிய மருத்துவமனையில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். காலனி என்றார். அடுத்த கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிற?"

"குடிக்கிறதில்ல சார்."

சீட்டில் குடிப்பவர் என்றே எழுதிவிட்டார்கள். வேறோர் இடத்தில் அதைக் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன்பின் யார் பேனாவை எடுத்தாலும் அண்ணன் விடமாட்டார்: "இன்னா எழுதின, படிச்சிக் காட்டு சார்."

நானும் அவரை நம்பவில்லை. ஒரு மதியம் அவர் ஆட்டோவில் தூங்கும்போது குனிந்து வாயை முகர்ந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வெங்காய போண்டாடா. ஒனக்கும் ஒண்ணு வாங்கியாரட்டா?"

புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாதான் எங்கள் நைனா எப்படி இறந்தார் என்று கேட்டார். நைனாவும் இருமி இருமியே போனவர். உடனே அண்ணனுக்கு ரத்தம் எடுத்தார்கள். நுரையீரலைக் காக்கும் ஒரு புரதம் ஈரலில் உருவாகிறதாம். அண்ணனுக்கு அது வெளியேறாமல் ஈரலிலேயே தேங்கிவிட்டது. பரம்பரையாக வருவது; கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா.

ராஜகிரிக் கோட்டையில் பாதிப் படியிலேயே எனக்கும் மூச்சு வாங்கும். அண்ணனுக்கு அது தெரியும். தினமும் கூப்பிட்டார். "நான் சொன்னா நம்ப மாட்டானுங்க. ஒன் ரத்தம் சொன்னாவது நம்பட்டும், வாடா." எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவு வெளியே தெரிந்தால் யார் கொடுப்பார்கள்? நான் போகவில்லை.

கருமாதிப் படையலில், இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது எங்கள் வழக்கம். போண்டாவுக்குப் பக்கத்தில் மாமா ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தார்.

"அவருதான் குடிக்க மாட்டாரே மாமா."

"நமக்குத் தெரியாம குடிச்சிருப்பான். இல்லன்னா ஈரல் எப்டிடா போவும்?"

அண்ணி பாட்டிலை எடுத்து மாமா கையில் கொடுத்தார். "இது ஒங்களுது. நீங்களே வெச்சிக்குங்க."

மறுநாள் புதுச்சேரிக்குப் போய்க் கையை நீட்டினேன். முடிவு இன்னும் வரவில்லை. அங்கே பதிவு செய்தவர், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பேனா ஓடியது. அண்ணன் எனக்கு விட்டுப்போனது அப்போதுதான் வாயில் வந்தது.

"இன்னா எழுதினீங்க, படிச்சிக் காட்டுங்க சார்."