வெல்டிங்கில் செத்த கரடி

நான் சின்னப் பையனாக இருந்தபோது பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் கார்ட்டூன் கரடி வரும் நேரம் பார்த்துத்தான் அதன் முதலாளி வெல்டிங் வைப்பார். உடனே திரையெங்கும் கோடு விழும். கரடி இரண்டாகக் கிழிந்து துடிக்கும். அதற்கு வலிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் பொறுக்காமல் பட்டறைக்குள் ஓடிக் கத்தினேன்.

"நிறுத்துங்க! கரடி சாவுது!"

முதலாளி கறுப்புக் கண்ணாடியை இறக்கினார். "ஏனுங்க கண்ணு, நாளைக்கு ஒரு ஊட்டுக்குக் கேட் மாட்டோணுமுங்க. கரடியைக் கொஞ்சம் ஓரமா ஒக்காரச் சொல்லுங்க."

பட்டறையே சிரித்தது. என்னைத் தேடி வந்த அப்பாவும் சிரித்தார். எனக்காகச் சண்டை போட வேண்டியவர் அவர்.

திரும்பி ஓடினேன். டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு கரடி வந்தது. உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. ஆள் மாற்றிவிட்டார்கள் என்று உடனே புரிந்தது.

இப்போது எனக்குத் தலை வழுக்கையாகிவிட்டது. இன்றும் கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்து அதே முதலாளி கேட்கிறார்: "ஏனுங்க, கரடி சௌக்கியங்களா?" எங்கள் ஊரில் நக்கலும் மரியாதையோடுதான் வரும். திருப்பித் திட்டவும் வழியில்லை.

"செத்துப்போச்சுங்க" என்கிறேன். கொன்றது யார் என்பதை மட்டும் பாயசத்தோடு விழுங்கிக்கொள்கிறேன்.