பட்டாபியின் வேட்புமனுவும் இல்லாத மேலதிகாரியும்

“வானமே இடிஞ்சு தலைல விழட்டும் சார், என் ஃபைல்ல நானே கையெழுத்துப் போட்டுக்க மாட்டேன்!”

சக ஊழியர் ஒருவரின் பிரிவுபசார விழாவில், ஒரு கையில் சமோசாவும் மறு கையில் தேநீருமாக நின்று பட்டாபி விடுத்த பிரகடனம் இது. மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கோப்புகளைக் கட்டி மேய்த்த செக்‌ஷன் ஆபீசர் அவர். வெறும் வாய்ச்சொல் வீரர் இல்லை. 1988இல் மேலதிகாரி டூர் போயிருந்த வாரம், தன் லீவு விண்ணப்பத்தைத் தானே அனுமதித்துக்கொள்ள விதியில் இடமிருந்தும் அதைத் தொட மறுத்தார். மைத்துனன் கல்யாணம் பட்டாபி இல்லாமலே நடந்தேறியது. அந்த ஆல்பத்தை அவர் மனைவி சியாமளா இன்றும் அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் புரட்டுவாள்.

இப்பேர்ப்பட்டவருக்கு 2003இல் தலைவராகும் ஆசை வந்தது. அண்டர் செக்ரட்டரி நாற்காலி கைக்கு எட்டாமலே ஓய்வுக்கு ஒன்றரை வருஷம்தான் பாக்கி என்பதால், ஆசை வேறு பக்கம் திரும்பியிருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, திருத்தி, பிறருக்கும் கொடுக்கலாம் என்று திறந்து வைத்த கணினி மென்பொருளைத் தமிழில் பேச வைக்கும் குழு ஒன்று தில்லியில் இருந்தது. பட்டாபியையும் சேர்த்து முப்பத்தோரு பேர். சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. ஒரு மின்னஞ்சல் மடல்குழுதான் எல்லாம். திரையில் உள்ள ஒரு பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று அங்கே பதினேழு நாள் சண்டை நடந்திருக்கிறது. நல்லவேளையாக யாருக்கும் பல் உடையவில்லை.

அதன் ஒருங்கிணைப்பாளர் வேலை மாறி அமெரிக்கா போய்விடவே, தேர்தல் வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் ‘நான் நிற்கிறேன்’ என்று மடல்குழுவில் எழுதினால் போதும். குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயது ஜ்யோத்ஸ்னா “நானும் நிக்கறேன்” என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறியைப் போட்டாள். முடிந்தது அவள் வேட்புமனு.

பட்டாபிக்கு அது வேட்டி கட்டாமல் மணையில் உட்காருவது போலிருந்தது. அவர் தன் மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் உட்கார்ந்து பதினொரு பத்திகளில் குறிப்பு எழுதினார். ‘மேலான பார்வைக்கும் உத்தரவுக்கும் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று முடித்தார். டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ் உட்படப் பதினான்கு இணைப்புகளை ஸ்கேன் செய்து கோத்து, வியாழக்கிழமை அனுப்பினார்.

எடை மிகுந்த மடல்கள் நேரே குழுவுக்குப் போகா. மட்டுறுத்துநர், அதாவது குழுவின் வாசல்காவலர், பார்த்து ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். “உங்கள் மடல் அனுமதிக்காகக் காத்திருக்கிறது” என்று பதில் வந்தபோது பட்டாபிக்குப் பரம திருப்தி. எல்லாம் முறைப்படி நடக்கிறது! மறு நிமிடம் இன்னொரு மடல் வந்தது: “ஒரு மடல் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது.”

இரண்டு வருஷமாக அந்த வாசலைக் காப்பவரும் பட்டாபிதான்.

அமெரிக்கா போனவருக்கு மேலனுமதி கேட்டு எழுதினார். அவர் அங்கே வீடு தேடிக்கொண்டிருந்தார், பதில் இல்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஜ்யோத்ஸ்னா போன் செய்தாள்.

“அங்கிள், க்யா ஹுவா? உங்க நாமினேஷன் வரவே இல்லியே?”

“பெண்டிங்.”

“யார்கிட்ட?”

“எங்கிட்ட.”

“அப்போ பாஸ் பண்ணுங்க!”

“கேண்டிடேட் ஃபைலைக் கேண்டிடேட்டே பாஸ் பண்றதாவது! பாஸ்வேர்ட் தரேன், நீ பண்ணிடேன்.”

“நானா? உங்களை எதிர்த்து நிக்கறவ நான்! நாளைக்குத் தோத்துட்டு, நானே கதவைத் திறந்து விட்டேன்னு அழணுமா? சின்னதா ஒரு லைன் புதுசா எழுதுங்க, அது நேரா வந்துடும்.”

“ஒரு கேஸுக்கு ரெண்டு ஃபைல் ஓபன் பண்ணப்படாதும்மா. பெரிய தப்பு.”

“அச்சா. நீங்க வரலேன்னா போட்டியே இல்லாம நான்தான். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சோச் லோ, நல்லா யோசிச்சுக்கோங்க அங்கிள்.”

அவள் போனை வைத்துவிட்டாள். இதுவரை குழுவின் ஒவ்வொரு வரியையும் பிழை பார்த்துவந்தவர் பட்டாபி. அந்த வரிகள் எழுத்துக் கூட்டிப் படிப்பவள் கைக்குப் போவதை நினைத்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சியாமளா கூடையோடு வந்து நின்றாள். “மணி நாலே முக்கால். ஜல்தி பண்ணுங்கோ. எங்க அம்பி கல்யாணத்துக்குத்தான் வரலை, எலெக்‌ஷனுக்காவது போய்ச் சேருங்கோ.”

“அது வேற, இது வேற.”

“ரெண்டுத்துலயும் கையெழுத்துப் போடாத மகானுபாவர் ஒருத்தர்தானே!”

கீழே காய்கறி வண்டிக்காரன் கூவினான். “பையா, ருக்கோ!” என்று அவனை நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

பட்டாபி எழுந்து கதவைச் சாத்தினார். எதிர் குவார்ட்டர்ஸ் பார்க்காதபடி ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். மோடம் அலறி அடங்கி இணைப்புக் கிடைத்தபோது மணி நாலு ஐம்பத்தாறு. தன் குறிப்பைப் பதினொரு பத்தியும் முதன்முதலாகப் பார்ப்பவரைப் போல் படித்தார். எட்டாவது பத்தி கொஞ்சம் நீளம் என்று பட்டது. ஆனாலும் மொத்தத்தில் எழுதியவன் நேர்மையான ஆசாமியாகத்தான் தெரிந்தான்.

அம்புக்குறியை நகர்த்தி ‘அனுமதி’யை அழுத்தினார்.

சியாமளா முட்டைக்கோஸோடு உள்ளே வந்தாள். “என்ன ஆச்சு?”

“மேலிடத்துல பாஸ் ஆயிடுத்து” என்றார் பட்டாபி, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.