தலையணை உறைக்குள் ஒரு காது

கடலோரத்துப் பழைய துறைமுக ஊருக்கு இரண்டு நாள் பயணமாகப் போயிருந்தோம். கோட்டைச் சுவர், கலங்கரை விளக்கம், முந்நூறு வருஷத்துச் சுங்கக் கட்டடம், எல்லாம் பார்த்தோம். ஆனால் அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சலவைக்கூடம்தான்.

என் கணவர் இருபத்தெட்டு வருஷம் நூற்பாலை இரைச்சலில் நின்று காதைத் தொலைத்தவர். கேட்காததால் பேசுவதையும் விட்டிருந்தார். மூன்று வாரம் முன்பு மகள் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள். மறுநாளே, “கதவ இப்படியா அறைஞ்சு சாத்துவே?” என்று சண்டைக்கு வந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடற்காற்றில் கருவி உஸ்ஸென்று ஊதுகிறது என்று இரண்டாம் நாள் காலை அதைக் கழற்றி, பத்திரமாக இருக்கட்டுமென்று தலையணை உறைக்குள் செருகிவிட்டு வந்தார். மதியம் திரும்பினால் கட்டிலில் புதிய விரிப்பு, புதிய உறை. மூன்று மணிக்கு எங்கள் பஸ்.

“அழுக்குத் துணி பத்து மணிக்கே போயிடுச்சே. பின்தெருவுல பழைய கிடங்குலதான் துவைப்பாங்க. ‘உதறல் அக்கா’ன்னு கேளுங்க, காட்டுவாங்க” என்றாள் விடுதிக்காரி.

கிடங்கில் மூன்று தொட்டிகளிலும் நுரை. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். முழங்கை வரை ஈரமாக நின்றவள் நிமிராமலே கேட்டாள்.

“எந்த விடுதி?”

“நீலக் கதவு. மூணாம் நம்பர் ரூம்.”

“காதுல மாட்டுறதுதானே? அந்த டப்பாவுல பாருங்க.”

சுவரோரம் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் விடுதிக் கதவின் நிறமும் அறை எண்ணும். எங்களுடையதில் கருவி காய்ந்த துணிக்கிழிசலில் சுற்றியிருந்தது. அவர் எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

“இத போய் தலகாணிக்குள்ள வைப்பாங்களாண்ணே?”

“பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா.”

“நல்ல பத்திரம். நேரா என் தொட்டிக்கு அனுப்பிவச்சுட்டீங்க.”

படகு மெக்கானிக்கான கணவனுக்கு முதுகு போனபின் இந்த வேலைக்கு வந்தவள். பத்தொன்பது வருஷம். முதல் வருஷம் ஒரு பயணியின் தலையணை உறைக்குள் கடிதம் இருந்தது தெரியாமல் ஊறப்போட்டுவிட்டாள். உலர்த்தி, இஸ்திரி போட்டும் எழுத்து திரும்பவில்லை.

“அந்தம்மா ஒண்ணுமே சொல்லலக்கா. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.”

அன்றிலிருந்து தண்ணீர் படுமுன் ஒவ்வொரு உறையையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஜன்னலருகே மூன்று உதறு. அதனால் துணி தினமும் அரைமணி தாமதம். ஒரு விடுதி அதற்காகவே வேறு ஆள் பார்த்துக்கொண்டது. இவள் உதறுவதை விடவில்லை.

நன்றி சொன்னேன். “அதெல்லாம் எதுக்குக்கா” என்று அடுத்த மூட்டையைப் பிரித்தாள். சும்மா கிளம்ப மனம் வராமல், காய்ந்த உறைகளை எடுத்து, பஸ் நேரம் வரை மடித்துக் கொடுத்தேன். நான் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பியதும் கணவர் என் பக்கம் சாய்ந்தார். “நீ வாசலுக்குப் போனதும் அந்தம்மா என்ன முணுமுணுத்தாங்க தெரியுமா? ‘மடிக்கத் தெரியாட்டியும் மனசு நல்ல மனசு’ன்னாங்க. தெளிவா கேட்டுச்சு.”

“மடிக்கத் தெரியாதுன்னா சொன்னாங்க? உங்க காதுல கோளாறு” என்றேன்.

வீடு வந்து சேரும்வரை இருவரும் அந்தச் சண்டையை விடவில்லை.