ஷேடு கார்டில் ஒட்டிய இலைகள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. என் நாற்காலிக்குச் சக்கரம் வைத்ததே அதற்காகத்தான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு டிசைனை அனுப்புவார். அதை நூல், சாயம், தையல் என்று இடம் இடமாக விரட்டி, அவர் கேட்டபடியே செய்து கப்பலேற்றுவது என் வேலை. கோடு போடு என்றால் கோடு, பூப் போடு என்றால் பூ. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கோட்டின் நிறத்தைக்கூட நானாகத் தீர்மானித்ததில்லை. அந்த எரிச்சல் எனக்குள் எப்போதும் இருந்தது.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். “ஏம்மா, கொழந்தைக டி-சர்ட்டுக்கு இந்தத் தடவ நம்ம பக்கமிருந்தே காம்போ கேக்கறாங்க. நீங்களே ஏதாச்சும் பண்ணிக் குடுங்க, பாக்கலாம்” என்றார். காம்போ என்றால் வேறொன்றுமில்லை, கோடு போட்ட சட்டையில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்தால், அது போன வருஷம் வந்த ஆர்டர். சாம்பலுக்குப் பக்கத்தில் ரோஸை வைத்தால், அதற்கு முந்தினது. என் கண்ணுக்குள் என்னுடையது என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் பிறர் கொடுத்த நிறங்கள். பயந்துபோனேன். இவ்வளவு நாள் வாய்ப்பு கொடுக்கவில்லை என்று புலம்பியவளுக்கு, கொடுத்தபோது கையில் சரக்கு இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

மறுநாள் காங்கேயம் ரோட்டில் நெரிசல். என் ஸ்கூட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் மாட்டிக்கொண்டது. தினமும் கடக்கிற மண்டபம்தான். வாசலில் அழகுக்காக வைத்த செடிகளை அன்றுதான் பார்த்தேன். முன்னால் எலுமிச்சை மஞ்சளில் டுராண்டா, குட்டையாக வெட்டி விட்டிருந்தார்கள். பின்னால் ரத்தச் சிவப்பில் உயரமான குரோட்டன்ஸ். இரண்டும் கத்துகிற நிறங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அடித்துக்கொள்ளும். ஆனால் நடுவில் ஓரமெல்லாம் வெள்ளைக் கரை போட்ட அரேலியாவை ஒரே ஒரு வரிசை வைத்திருந்தார்கள். சண்டை அடங்கிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காம்பவுண்டுக்குள் போனேன்.

“ஏனுங்க, யாரப் பாக்கோணும்?” என்றார் வாட்ச்மேன்.

“செடியப் பாக்கணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மண்டபம் புக் பண்றதுன்னா ஆபீஸ் உள்ள இருக்குதுங்க” என்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசல், பெட்ரோல் பங்க் ஓரம், ரோட்டின் நடுத்திட்டு, எங்கே செடி வைத்திருந்தாலும் வண்டி நின்றுவிடும். ஒரே குரோட்டன்ஸ் இலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் பக்கத்துச் செடியில் திருப்பிச் சொன்னால் போதும், இரண்டும் உறவாகிவிடும். யாரோ முகம் தெரியாத ஒருவர் போகிறபோக்கில் இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பார்த்தால் மட்டும் போதவில்லை, நானே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நர்சரியில் போய் நின்றேன். இலையிலேயே பல நிறம் காட்டுகிற கோலியஸ் செடியில் கை வைத்ததும் அங்கிருந்த அம்மா சொன்னார்: “இதுக்கு ஷேடு ரொம்ப முக்கியமுங்க. ஷேடு இல்லீனா நிக்காதுங்க.”

“எனக்கும் ஷேடுதாங்க முக்கியம்” என்றேன் பெருமையாக.

எங்கள் தொழிலில் ஷேடு என்றால் நிறம். காலையில் வாயைத் திறந்தால் மாலை மூடும்வரை ஷேடு, ஷேடு என்றுதான் பேசுகிறோம். அந்த அம்மா நிழலைச் சொல்கிறார் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. வாங்கிய டுராண்டா, குரோட்டன்ஸ், அரேலியா, கோலியஸ் அத்தனையையும் மொட்டை மாடியில் கொளுத்துகிற வெயிலில் அடுக்கி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இந்த ஊர்க்காரர். நான் கோவில்பட்டிக்காரி. நான் நாலு வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதுவும் குத்தலாக இருக்கும்.

“இது காய்க்குமா?” என்று கேட்டார்.

“காய்க்காது.”

“பூக்குமா?”

“பூத்தாலும் கிள்ளிப் போட்டுரணும். எலைக்காகத்தான் வாங்கினேன்.”

“எலையத் திங்கலாமா?”

சில நாளிலேயே கோலியஸ் எல்லாம் வெளுத்துச் சுருண்டன. அழுகையே வந்துவிட்டது. நர்சரிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தபோதுதான் ஷேடு என்றால் நிழல் என்று தெரிந்தது. அதைக் கேட்டு வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, நாலு கம்பியை வளைத்து நட்டு, அதன் மேல் ரிஜெக்ட் ஆன பனியன் துணியை இழுத்துக் கட்டியிருந்தார். “ஊட்டுல சும்மா கெடந்துச்சு” என்றார், நான் கேட்காமலே.

அந்தப் பனியன் பந்தலுக்குக் கீழேதான் என் காம்போக்கள் பிறந்தன. தொட்டிகளை இழுத்து இழுத்து மாடித் தரையெல்லாம் கீறல். மஞ்சளை அகலமாக வைத்தேன், சிவப்பை ஒடுக்கினேன், வெள்ளைக் கரையை நடுவில் சொருகினேன். பிடிக்காமல் எல்லாவற்றையும் கலைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை தானாக நின்றது. இதுதான், இதற்குமேல் ஒரு தொட்டியையும் நகர்த்தக் கூடாது என்று தோன்றியது.

இந்த நிறங்களைப் பையருக்கு எப்படிக் காட்டுவது? சாயம் போட்டுக் காட்ட நேரமில்லை. அவர்கள் எங்களுக்கு எதையெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்! ரிப்பன் துண்டு, பெயின்ட் டப்பா மூடி, பொம்மையின் தொப்பி. இதே நிறத்தில் செய் என்பார்கள். நான் மட்டும் இலை அனுப்பினால் என்ன? இலைகளைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, கோடு வருகிற வரிசையிலேயே, நிற மாதிரி ஒட்டி அனுப்புகிற ஷேடு கார்டில் ஒட்டி, மேலே டேப் போட்டேன். எதை அனுப்பினாலும் அதேபோல இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்குக் கவுண்டர் சாம்பிள் என்று பெயர். அதையும் செய்து டிராயரில் வைத்துவிட்டு, கார்டைக் கூரியரில் போட்டேன்.

பதில் வரும்வரை நான் மனுஷியாக இல்லை. மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன். மெயில் வந்த அன்று முதலாளி தன் அறையிலிருந்தே கத்தினார்: “அப்ரூவ் ஆயிருச்சும்மா! அத்தன காம்போவும்!”

ஓடிப்போய்ப் படித்தேன். பையருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மண் நிறங்கள் அவ்வளவு அமைதியாக இருக்கின்றன, அப்படியே வேண்டும் என்று எழுதியிருந்தார். மண் நிறமா? அமைதியா? நான் அனுப்பியது சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் அல்லவா? கார்டு மாறிப்போயிற்றோ என்று பதறி, டிராயரை இழுத்துக் கவுண்டர் சாம்பிளை எடுத்தேன்.

சிவப்பு காப்பிப் பொடியாகியிருந்தது. மஞ்சள் வைக்கோலாகியிருந்தது. வெள்ளைக் கரை அழுக்குச் சாம்பலாகிக் கிடந்தது. இலை காயும்! ஒரு துணி கையில் வந்தால் தண்ணீரில் சாயம் போகுமா, வெயிலில் வெளுக்குமா, தேய்த்தால் ஒட்டுமா என்று ஆயிரம் டெஸ்ட் கேட்கிற எனக்கு, பறித்த இலை காய்ந்துபோகும் என்று தோன்றவே இல்லை. சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை.

“இது நான் அனுப்புன கலரே இல்லீங்க” என்று முதலாளியிடம் சொன்னேன்.

“அவங்க கைக்குப் போய்ச் சேந்தது இதுதானுங்களே? பேசாம ஆர்டர ஓட்டுங்கம்மா” என்றார்.

ஓட்டினோம். காய்ந்த இலையின் நிறத்துக்கே சாயம் பிடித்து, கோடு கோடாகத் துணி பின்னி, குட்டிக் குட்டிச் சட்டைகள் தைத்து வந்தன. சாம்பிள் ரூமில் எல்லோரும் கை கொடுத்தார்கள். சட்டைகள் அழகாக இருந்தன என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அசிங்கமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். முதன்முதலாக நானாக ஒன்றைச் செய்தேன், அதை நான் பார்த்தபடி உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. தெரியாத யாரோ செய்ததற்கு நன்றி வாங்கிக்கொண்டு நின்றதுபோல இருந்தது.

இப்போது அடுத்த சீசனுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்கோலோடு மாடிக்குப் போனேன். செடிகள் தழைத்து நின்றன. என் கண் அதில் நிற்கவில்லை. இது காய்ந்தால் புளி நிறம் வரும், அது காய்ந்தால் காக்கி வரும் என்று தாவித் தாவிப் போனது. உயிரோடு இருக்கிற இலையைப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே அரேலியாவின் கிளையைப் பிடித்தேன்.

அந்தப் பக்கம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பினார்.

“ஏம்புள்ள, அந்தத் தொட்டில மட்டும் கை வெக்காதே.”

“ஏன்?”

“மஞ்சளுக்கும் செவப்புக்கும் நடுவால அந்த வெள்ளக் கரைய வெச்சிருக்கறயல்லோ? அது இல்லீனா ரெண்டும் அடிச்சுக்கும். வெட்டுனயின்னா பாக்கறக்கு நல்லாருக்காது.”

கிளையை விட்டுவிட்டேன். மண்டப வாசலில் நான் பார்த்ததை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தொட்டிகளை நான் இழுத்துக்கொண்டு அலைந்த நாளெல்லாம் இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“இத அப்பவே சொல்லியிருக்கலாம்லா?” என்று கத்தினேன்.

“எங்கிட்ட எங்க புள்ள கேட்டே?” என்று சொல்லிவிட்டு அவர் ஹோஸை அடுத்த தொட்டிக்குத் திருப்பினார். “நீதான் எங்கியோ இருக்கறவங்களுக்குக் கூரியர்ல அனுப்பிப்போட்டியே.”