பின் இருக்கையில் ஒரு கல்

கல்லை முகர்ந்து பார்த்த பிறகுதான் அக்கா வாய் திறப்பார். ஈரம் சொட்டும் கல்லை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, பச்சைக் குழந்தையின் உச்சியை முகர்வதுபோல் முகர்கிறார். கடல் வாசனை வந்தால் புருவம் மேலே ஏறும். அழுகிய முட்டை வாடை என்றால், "இது போயிடுச்சுங்க, பாவம்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதுவரை வாசலில் காரின் இன்ஜினை அணைக்காமல் ஒருவர் காத்திருக்க வேண்டும். அன்றைய மாணவர்தான் அந்த ஒருவர். சில வாரங்களாக அது நான்.

அக்காவின் தொழில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது. ஸ்டியரிங் முன்னால் உட்காரும் ஆண்களெல்லாம் அவருக்குத் தம்பி, பெண்களெல்லாம் தங்கச்சி. அவரைவிட நாலைந்து வயது மூத்த நானும் தம்பிதான். எனக்கும் அவர் அக்காதான். பயிற்சி வண்டி என்பதால் இடப்பக்கம் உட்காரும் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாய்க்கு மட்டும் கிடையாது. "கியர் என்ன கரும்பா, ஒடிக்கப் பாக்குற? ரெண்டு விரல் போதும்." "கண்ணாடியப் பாருன்னா பின்னாடி வர்றவனப் பாருன்னு அர்த்தம். உன் அழகு எங்கயும் போகாது."

மற்ற பயிற்சிப் பள்ளிகள் அகலமான தெருக்களாகப் பார்த்துப் போகும். இவர் வண்டி அப்படியல்ல. எந்தச் சந்தில் எவர் வீட்டில் கடல்மீன் தொட்டியைக் கலைக்கிறார்களோ, அந்தச் சந்தில்தான் எங்களுக்கு ரிவர்ஸ் பாடம். உரிமம் வாங்கிப் போன பழைய மாணவர்கள் ஊர் முழுக்க அவருக்கு ஒற்றர்கள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அழைப்பவர்களிடம்கூட, "நன்றிப்பா, எங்கயாவது தொட்டி கலைக்கறாங்களா?" என்பார்.

அவர் தேடுவதை உயிருள்ள கல் என்கிறார்கள். உண்மையில் அது செத்த பவளத்தின் எலும்புக்கூடு. ஆனால் அதன் ஆயிரம் துளைகளிலும் குடித்தனம் நடக்கிறது: கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், புழுக்கள், ஊதா நிறப் பாசி, எப்போதாவது ஒரு பொடி நண்டு. மீன்களின் கழிவைத் தின்று தீர்த்து நீரைச் சுத்தமாக வைப்பது இந்தக் குடித்தனக்காரர்களில் பாதிப்பேர். கடையில் கிடைப்பது பெரும்பாலும் காய்ந்து வெளுத்த கல். "அது பூட்டிக் கிடக்குற வீடு தம்பி. ஆள் வரவே மாசக்கணக்காகும்." கடலிலிருந்தே உடைத்துத் தருகிறேன் என்று வந்த ஒருவரை வாசலோடு விரட்டியிருக்கிறார். "அங்க நிம்மதியா குடியிருக்கறத நான் எதுக்குக் காலி பண்ணணும்? இங்க காலி பண்றவங்க வீட்ல எடுத்துக்கறேன்."

அவர் வீட்டுத் தொட்டி நான்கடி நீளம். ஓரங்களில் சின்னக் கற்களைச் சேர்த்துவிட்டார். நடுவில் வைக்க ஒரு பெரிய கல் வேண்டும்; அது அமையாமல் ஒரு வருடமாக அந்த இடம் மொட்டை மணலாகக் கிடந்தது. தொட்டி நீரைக் குளிர்விக்க இரவு பகலாக ஓர் இயந்திரம் ஓடுகிறது. தையற்கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம், "இந்த வீட்ல கல்லுக்கு ஏசி, கட்டுனவனுக்கு ஜன்னல்" என்று முறையிடுவார்.

போன மாதம் பழைய தங்கச்சி ஒருத்தியிடமிருந்து தகவல் வந்தது. அவளுக்குத் தெரிந்த, இரட்டைக் குழந்தை பிறந்த வீடு. தொட்டியைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை. கல் ஒரு கைக்குழந்தை அளவு. அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "வண்டிய எடு தம்பி. இன்னைக்குப் பாடம் தூரமா போகுது."

பெரிய கல்லைத் தூக்க ஆள் வேண்டுமென்று இந்த முறை நானும் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போனேன். வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒருவர் எங்களுக்கு முன்பே வந்து, ஸ்க்ரூடிரைவரால் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இளம் தகப்பன் தோளில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. உள்ளே இன்னொன்று அதற்குப் பதில் பாடியது. "இன்னைக்கு அந்தத் தொட்டி போகலைன்னா நான் போறேன்!" என்று அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல்.

அக்கா குனிந்து முகர்ந்தார். புருவம் ஏறியது. விலை கேட்கவில்லை. "இதுக்குள்ள யார் யாருப்பா இருக்காங்க?" என்றார்.

தூக்கமில்லாத அந்த முகம் சட்டென்று மலர்ந்தது. "மேல இருக்குற ஓட்டைல ஒரு விசிறிப் புழு இருக்குங்க. நிழல் பட்டா சுருங்கிடும். பின்னாடி ஒரு நண்டு. இத்தனை வருஷத்துல காலு மட்டுந்தான் பாத்திருக்கேன்."

"அதெல்லாம் ரெண்டு நாள் வெயில்ல போட்டா போயிடும் சார்" என்றார் கடைக்காரர். "கல்லு பளிச்சுனு ஆயிடும். நான் கூடவே போட்டுத் தர்றேன்."

தகப்பன் கடைக்காரரைப் பார்த்தார், அறைக் கதவைப் பார்த்தார். கூடத் தருகிற பணத்துக்கு அந்த வீட்டில் தேவையிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா வாதாடவில்லை. அழுகிற குழந்தையைக் கைநீட்டி வாங்கித் தோளில் சாய்த்து, முதல் கியரில் ஏறுகிற வண்டிபோல் "ட்ர்ர்ர்" என்றார். குழந்தை அழுகையை நிறுத்திக் கேட்டது. இரண்டாவது கியருக்கு மாறினார். மூன்றாவதில் அது தூங்கிப் போனது; பதில் பாட ஆளில்லாமல் உள்ளே இருந்ததும் ஓய்ந்தது. வீடே அமைதியானதும் அறைக் கதவு லேசாகத் திறந்து, "கல்லை அந்த அக்காவுக்கே குடுத்துடுங்க" என்று ஒரு கிசுகிசுப்பு வந்தது. தகப்பன் விட்ட பெருமூச்சில் அவர் மனசும் அதுதான் என்று புரிந்தது. கடைக்காரர் சிரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, தொட்டியையும் மோட்டாரையும் மட்டும் பேசி முடித்தார்.

உப்புநீரில் நனைத்த செய்தித்தாள்களைக் கல்லுக்குப் போர்த்தி, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துப் பின் இருக்கையில் ஏற்றினோம். பக்கத்தில் தொட்டிநீர் வாளி. அக்கா குவளையோடு கல்லருகே உட்கார்ந்து, காகிதம் காயாமல் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தார்.

மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றன. என் முதுகை ஒட்டி ஒரு பேருந்து வந்து நின்று உறுமியது. வழக்கம்போல் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலி.

"அக்கா! உங்க பிரேக்குல ஆளில்ல!"

"அட ஆமால்ல!" என்று பின்னால் சிரிப்புச் சத்தம். "இங்கிருந்து கால் எட்டாது தம்பி. ஹேண்ட் பிரேக்கப் பிடிச்சுக்கோ. கிளட்ச மெதுவா விடு. வண்டி மூக்கத் தூக்கும், அப்ப ஹேண்ட் பிரேக்க விடு. சொன்னாப் போதும், நீ செஞ்சிடுவ."

முன்னால் வழி விட்டார்கள். வண்டி மூக்கைத் தூக்கியது. விட்டேன். ஒரு விரற்கடை பின்வாங்காமல் ஏறியது. எனக்குப் பாராட்டு வரும் என்று கண்ணாடியில் பார்த்தேன். "ஒரு சொட்டு சிந்தல, பாத்தியா?" என்று அக்கா கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு காத்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே கல்லையும் தொட்டியின் வாயையும் அளந்தார். "இடுப்பு பெருசு. நேரா இறக்குனா கழுத்துல மாட்டும். சாய்ச்சு விடு." அவர் சொன்னபடி சாய்த்து இறக்கினோம். கல் நடுமணலில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாமல் போயிற்று.

"இதுக்கா ஊரெல்லாம் சுத்துன?" என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னலோரம் தன் நாற்காலிக்குப் போய்த் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மெல்ல மெல்ல மணல் படிந்தது. கல்லின் ஒரு முகம் வெறும் பழுப்பு. மறுமுகம் முழுக்க ஊதா. ஊதா முகம் அக்கா வழக்கமாக உட்காரும் சோபாவைப் பார்த்திருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையைத் தோள் வரை தண்ணீருக்குள் விட்டு, மணல் கலங்காமல், அந்த முகத்தை ஜன்னலோர நாற்காலியின் பக்கம் திருப்பி வைத்தார்.